கோடுகளை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்: ஒரு குட்டி லோச்சை அடையாளம் காண்பது எப்படி?

போன ஆண்டு ஆறு குட்டி மீன்கள் வாங்கினேன். ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர் இருக்கும். வெளிறிய பொன்னிற உடம்பு, அதில் கறுப்புக் கோடுகள். கடையில் சொன்ன பெயர் 'குட்டி போட்டியா'. படம் எடுத்து நாலு பேரிடம் காட்டினேன், நாலு பெயர் வந்தது. ஒருவர் செயின் லோச் என்றார், ஒருவர் யோயோ என்றார், ஒருவர் ஜீப்ரா என்றார். நாலாவது நண்பர், "இது டைகர் லோச் குஞ்சு, பின்னால் ஒரு சாண் வளரும், பெரிய தொட்டி பார்த்து வையுங்கள்" என்றார்.

நாலு பேரும் பல வருடமாக மீன் வளர்ப்பவர்கள், அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் நாலு பேரும் பார்த்தது கோடுகளை மட்டும்தான். லோச் விஷயத்தில் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. மீனுக்குப் பெயர் எங்கிருந்து வருகிறது, அந்தப் பெயரை நம் கையிலுள்ள மீனோடு எப்படிப் பொருத்துவது என்பதை, இந்த ஆறு மீன்களை வைத்தே அடியிலிருந்து சொல்கிறேன்.

## நமக்குத் தெரிந்த லோச்: அயிரை

'லோச்' என்றதும் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். மதுரைப் பக்கம் குழம்பு வைக்கும் அயிரை ஒரு லோச்தான். சட்டியில் போடும் முன் பாலில் விட்டு மண்ணைக் கக்க வைப்பார்களே, அந்த மண்தான் அதன் வாழ்க்கை. மணலுக்குள் முகத்தைப் புதைத்து, வாயைச் சுற்றியுள்ள மீசையால் துழாவி, மண்ணோடு இரையை அள்ளிச் சலிக்கும். தரையோடு ஒட்டிய வாழ்க்கை, கீழ்நோக்கிய வாய், வாயைச் சுற்றிக் குறைந்தது மூன்று ஜோடி மீசை. லோச் என்ற பெருங்கூட்டத்தை இந்த மூன்றையும் வைத்து ஓரளவு கண்டுகொள்ளலாம்.

அயிரையின் அறிவியல் பெயர் லெபிடோசெபலிக்திஸ் தெர்மாலிஸ். 'தெர்மாலிஸ்' என்றால் வெப்பத்தைச் சேர்ந்தது. ஆற்று மணலில் கிடக்கும் மீனுக்கு ஏன் இந்தப் பெயர்? பிரெஞ்சு அறிஞர் வலென்சியென் 1846-இல் இந்த மீனை விவரித்தபோது, அவருக்குக் கிடைத்த மீன்கள் திருகோணமலை கன்னியா வெந்நீரூற்றிலிருந்து வந்தவை. பெயரிலேயே ஊர் ஒட்டிக்கொண்டது. ஒரு மீன் எந்த ஊரில் பிடிபட்டது என்பது அடையாளத்தின் பாதி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

## வகையறா, பங்காளி, வீடு

மூன்று சொற்களை இங்கேயே பழகிக்கொள்வோம். ஊரில் ஒருவரை விசாரிக்கும்போது "எந்த வகையறா?" என்று தொடங்குவோம். அது குடும்பம். அதற்குள் நெருங்கிய பங்காளிகளின் கூட்டம் பேரினம். அந்தப் பங்காளிகளில் ஒரே ஒரு வீடு இனம். அறிவியல் பெயரின் முதல் சொல் பேரினத்தையும், இரண்டாம் சொல் அதற்குள் எந்த இனம் என்பதையும் சொல்கிறது.

விசாரிக்கும் வரிசையும் இதுவே: முதலில் வகையறா, பிறகு பங்காளி, கடைசியில் வீடு. நம்மில் பலர் நேராக வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். படத்தில் கோடு ஒத்துப்போனால் பெயர் சொல்லிவிடுகிறோம். தவறான தெருவிலும் அதே நிறத்தில் கதவு இருக்கும்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடலாம். கடைகளில் 'போட்டியா' என்பது எல்லா லோச்சுக்கும் பொதுப்பெயர்போல ஆகிவிட்டது. போட்டியா என்பது ஒரு பேரினம். அதே சொல் வேறொரு லோச்சுக்கு இனப்பெயராகவும் இருக்கிறது: பாராகாந்தோகோபிடிஸ் போட்டியா. 1822-இல் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி எழுதியபோது வைத்த பெயர் அது. இந்த மீன் போட்டியா பேரினத்தைச் சேர்ந்ததே இல்லை, குடும்பம்கூட வேறு. ஒருவர் 'போட்டியா' என்று சொன்னால், பேரினமா, இனமா, கடைப்பேச்சா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

## மூலப்பத்திரம்

நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் பார்க்கிறோம். பட்டா கை மாறும், வில்லங்கம் வரும், எல்லைக்கல் நகரும். சண்டை வந்தால் கடைசியில் எல்லோரும் போய் நிற்பது மூலப்பத்திரத்தின் முன்னால்தான். மீனுக்கும் அப்படி ஒன்று உண்டு. ஒரு புது இனத்துக்குப் பெயர் வைப்பவர், எந்த உடலை வைத்து அந்தப் பெயரை வைத்தாரோ அந்த உடலை ஓர் அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைக்கிறார். அதற்கு வகைமாதிரி என்று பெயர். அதன் துடுப்புக் கதிர்களின் எண்ணிக்கை, உடல் அளவுகள், பிடிபட்ட இடம் எல்லாம் ஒரு கட்டுரையாக அச்சாகும். வகைமாதிரியும் கட்டுரையும் சேர்ந்ததுதான் மீனின் மூலப்பத்திரம். கடைச்சீட்டோ இணையத்தில் கிடைக்கும் படமோ பட்டா நகலின் நகல் மாதிரி, சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம்.

மூலப்பத்திரம் வரைக்கும் போனால் என்ன வெளிவரும் என்பதற்குக் கூலி லோச் ஒரு பாடம். பாம்புக்குட்டி மாதிரி நெளியும் அந்த வரிவரி மீன் கிட்டத்தட்ட எல்லாக் கடையிலும் பாங்கியோ கூலியை என்ற பெயரில் விற்கிறது. மூலப்பத்திரப்படி அந்தப் பெயர் ஜாவாத் தீவின் மீனுக்கு உரியது. கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி பாங்கியோ செமிசிங்க்டா என்ற வேறு இனம். பல பத்தாண்டுகளாக லட்சக்கணக்கான தொட்டிகளில் ஒரு மீன் இன்னொன்றின் பெயரில் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். பெயர் என்பது ஒரு குறிப்பிட்ட ஊரில் கிடைத்த ஒரு குறிப்பிட்ட உடலோடு கட்டப்பட்டது. நம் மீன் அந்த உடலோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே அடையாளம் காண்பது. பார்க்கும் வரிசை குடும்பம், பேரினம், இனம்.

## கண்ணுக்குக் கீழே ஒரு முள்

இனி மீனையே பார்ப்போம். லோச்சின் குடும்பத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த மிக நல்ல தடயம் கண்ணுக்குக் கீழே இருக்கிறது.

சில லோச்சுகளுக்குக் கண்ணுக்கடியில், தோலின் சிறு பிளவுக்குள், மடக்குக்கத்தி மாதிரி ஒரு முள் இருக்கும். இதைக் கண்ணடி முள் என்று சொல்லலாம். ஆபத்து வந்தால் விரித்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் பிடித்தபோது மீன் வலையோடு மாட்டிக்கொண்டு வரமறுத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், மாட்டியது இந்த முள்தான். இழுத்துப் பிய்க்காதீர்கள். வலையைத் தண்ணீருக்குள்ளேயே தளர்த்திப் பிடித்தால் தானே மடக்கிக்கொள்ளும், முடியாவிட்டால் வலையின் நூலை வெட்டிவிடுங்கள். வலை போனால் வேறு வாங்கலாம்.

தொட்டி வளர்ப்பில் நாம் சந்திக்கும் முக்கியக் குடும்பங்கள் நான்கு. கண்ணடி முள் உள்ளவை இரண்டு: போட்டியிடே, கோபிடிடே. போட்டியிடே மீன்களுக்கு உடல் சற்றே உயர்ந்து பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், வால் ஆழமாகப் பிளந்திருக்கும். யோயோவும் கோமாளி லோச்சும் இங்கேதான் வரும். கோபிடிடே மீன்கள் நீண்டு ஒடுங்கியவை, வால் பெரும்பாலும் பிளவில்லாமல் வெட்டிவிட்டது மாதிரியோ வட்டமாகவோ இருக்கும். நம் அயிரையும் கூலியும் இந்த வகையறா. கண்ணடி முள் இல்லாதவை மற்ற இரண்டு: ஓடைகளில் கல்லிடுக்கில் வாழும் நெமாக்கெய்லிடே, வேகமாக ஓடும் நீரில் பாறையோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும் பலிட்டோரிடே.

மீனைக் கையில் எடுத்து முள்ளைத் தேட வேண்டியதில்லை. கண்ணாடியில் உணவை ஒட்டிவிட்டு, அது தின்ன வரும்போது முகத்தைப் பக்கவாட்டில் தெளிவாக ஒரு படம் எடுங்கள். கண்ணுக்குக் கீழே அந்தப் பிளவு கோடாகத் தெரியும்.

என் ஆறு மீன்களுக்கும் பிளவு இருந்தது. உடல் சற்று உயரம், வால் நன்றாகப் பிளந்திருந்தது. எனவே போட்டியிடே. செயின், யோயோ, ஜீப்ரா, டைகர் நாலும் இந்தக் குடும்பம்தான், நண்பர்கள் தெருவைச் சரியாகத்தான் பிடித்திருந்தார்கள்.

## எண்ணக்கூடியதை எண்ணுங்கள்

குடும்பத்துக்குள் இறங்கினால் நிறத்தைவிட உறுதியான தடயங்கள் இன்னும் உண்டு. முதுகுத்துடுப்பு எங்கே தொடங்குகிறது? கூலி லோச்சின் பேரினமான பாங்கியோவில் அது இடுப்புத்துடுப்பையும் தாண்டி வாலை நோக்கித் தள்ளிப்போயிருக்கும். செவுளிலிருந்து வால்வரை உடலின் பக்கத்தில் நுண்துளைகளாக ஓடும் உணர்வுக் கோட்டுக்குப் பக்கக்கோடு என்று பெயர். அது முழுதாக ஓடுகிறதா, பாதியில் நிற்கிறதா, இல்லவே இல்லையா? அயிரைக்கு உடலில் பக்கக்கோடு கிடையாது. மீசை எத்தனை ஜோடி? இவையெல்லாம் மீன் பயந்தாலும் மாறாது, விளக்கு மாறினாலும் மாறாது.

அயிரைப் பேரினத்தில் எனக்கு மிகவும் பிடித்த தடயம் ஒன்று உண்டு. வளர்ந்த ஆண் மீனின் மார்புத்துடுப்பில் உட்பக்கக் கதிர்கள் இரண்டு தடித்து இணைந்து விறைப்பாக இருக்கும். இந்தப் பேரினத்தின் முத்திரை அது. பெண்ணுக்கும் குட்டிக்கும் இல்லை. ஒரே ஒரு பெண் மீனை வைத்துக்கொண்டு பெயர் கேட்டால், பதில் சொல்பவருக்கு முக்கியமான ஆதாரமே கையில் இருக்காது. லோச் கூட்டமாக வாழும் மீன், தனியாக வாங்கக்கூடாது என்று சொல்வதற்கு அதன் நிம்மதிதான் முதல் காரணம். அடையாளத்துக்கும் கூட்டம் வேண்டும்.

## நிறம் ஏன் ஏமாற்றுகிறது

நிறம் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இனத்தை முடிவு செய்யும் கடைசிப் படியில் நிறம் மிக முக்கியம். முதல் படியாக வைத்தால்தான் கெடுதல்.

வயதோடு கோலம் மாறும். போட்டியா குபோடாய் என்ற மியன்மார் மீனைப் பாருங்கள். குட்டியில் கரிய உடம்பில் பெரிய வெளிர்ப் புள்ளிகள் சில மட்டும் இருக்கும். வளர வளர அந்தக் கோலம் உடைந்து பிரிந்து வலைப்பின்னலாகிவிடும். குட்டியையும் வளர்ந்ததையும் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று நம்புவது கடினம். அத்தரான் ஆற்று வடிநிலத்திலிருந்து வந்த இந்த மீன் வேறு பெயர்களில் கடைகளுக்கு வந்துவிட்ட பிறகு, 2004-இல்தான் கொட்டலா என்ற மீனியல் அறிஞர் அதற்கு முறையான பெயர் வைத்தார்.

மனநிலையோடும் நிறம் மாறும். போட்டியிடே மீன்கள் தங்களுக்குள் யார் பெரியவர் என்று மோதும்போது கோடுகள் வெளுத்து உடம்பே சாம்பலாகிவிடும். பையிலிருந்து புதிதாக இறக்கிய மீனும் வெளிறியிருக்கும். அந்த நேரத்தில் எடுத்த படத்தை வைத்துக் கோடு எண்ணினால் கணக்கு தப்பும்.

ஒரே கோலம் பல இனங்களில் வருவதும் உண்டு. உடலில் குறுக்குப்பட்டை, வால் அடியில் ஒரு கறுப்புப் பட்டை என்ற அமைப்பு, நெமாக்கெய்லிடே குடும்பத்து ஷிஸ்டூரா பேரினத்தின் பொதுச் சீருடை மாதிரி. அந்தப் பேரினத்தில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

சுருக்கமாக: முள், வால், துடுப்பு, பக்கக்கோடு போன்ற உடலமைப்பு முதலில். வயது, மீனின் மனநிலை இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, கோலம் கடைசியில்.

## சங்கிலி லோச்: இரண்டு பங்காளிகள்

என் மீன்களுக்கு வருகிறேன். போட்டியிடே குடும்பத்தில் வளர்ந்த பிறகும் ஐந்தாறு சென்டிமீட்டரிலேயே நின்றுவிடும் மீன்கள் மிகக் குறைவு. யோயோ, ஜீப்ரா, டைகர் எல்லாம் வேறு அளவு. மூன்று சென்டிமீட்டர் மீன் எதன் குட்டியாகவும் இருக்கலாம் என்பதால், நான் அவசரப்படாமல் நடத்தையைப் பார்த்தேன். மற்ற லோச்சுகளில் பல பகலில் மறைவிடம் தேடும். இவை பட்டப்பகலில் கூட்டமாக நடுத்தண்ணீரில் நீந்தின, களைத்தால் அகலமான இலைமேல் உட்கார்ந்தன. இது அம்பஸ்டையா பேரினத்தின் குணம். நடத்தையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ஆனால் எந்தக் கதவைத் தட்டலாம் என்று அது காட்டிக்கொடுத்தது.

அம்பஸ்டையாவில் இரண்டே இனங்கள். ஒன்று சித்திமுங்கி, செயின் லோச் (சங்கிலி லோச்) என்று பெரும்பாலும் சொல்வது இதைத்தான். தாய்லாந்தின் மே கிளாங் ஆற்று வடிநிலத்து மீன். 1959-இல் கிளவுசெவிட்ஸ் என்ற மீனியல் அறிஞர் பெயர் வைத்தார். தாய்லாந்து மீன்வளத் துறையைச் சேர்ந்த ஆரி சித்திமுங்காவைச் சிறப்பித்து வைத்த பெயர் அது. மற்றொன்று நிக்ரோலினியாட்டா. சீனாவின் யுன்னான், லாவோஸ் எனப் பரவிய மெக்காங் வடிநிலத்து மீன். 1987-இல் பெயர் பெற்றது. இது சற்றே பெரிதாக வளரும். வால், முள், மீசை என்று உடலமைப்பில் இரண்டும் பங்காளிகள், அங்கே வேறுபாடு தேடிப் பயனில்லை. இங்கேதான் கோலத்துக்கு வேலை வருகிறது, அதுவும் கோலம் எந்த வயதில் எப்படி இருக்கிறது என்பதற்கு. சித்திமுங்கியில் நெடுக்குக் கோடுகளை இணைக்கும் குறுக்குப்பட்டைகள் மிக இளவயதிலேயே தோன்றி, சங்கிலிக் கண்ணிகள் மாதிரி ஆகிவிடும். நிக்ரோலினியாட்டா குட்டியில் கோடுகள் முறியாமல் தண்டவாளம்போல நெடுக ஓடும், குறுக்குப்பட்டைகள் வளர வளர மெல்லத்தான் வரும்.

வளர்ந்த மீன்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. குட்டியில் எடுத்த படம் இருந்தால் குழப்பம் பெரிதும் குறையும். வாங்கிய அன்றே படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

பழைய புத்தகங்களில் சித்திமுங்கியைத் தேடினால் 'போட்டியா சித்திமுங்கி' என்று கிடைக்கும், பிறகு வந்தவற்றில் 'யசுஹிகோடாக்கியா சித்திமுங்கி'. 2012 முதல் 'அம்பஸ்டையா சித்திமுங்கி'. மூன்றும் ஒரே மீன். பங்காளிகள் யார் யார் என்ற புரிதல் மாறும்போது பேரினப் பெயர் மாறும், இனப்பெயரும் மூலப்பத்திரமும் அப்படியே இருக்கும். பெயருக்குப் பின்னால் அறிஞர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் முதலில் வைத்தது வேறு பேரினத்தில் என்று பொருள். அவ்வளவு சிறிய குறி அவ்வளவு பெரிய வரலாற்றைச் சொல்கிறது.

இந்த வேறுபாட்டில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்டவர்கள் உண்டு. அருகிவரும் உயிரினங்களைக் கணக்கிடும் உலகச் செம்பட்டியலில் சித்திமுங்கி இன்று அழிவை எதிர்நோக்கும் இனம். வணிகத்துக்காகப் பண்ணைகளில் ஹார்மோன் கொடுத்து இனப்பெருக்கம் செய்கிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஜீப்ரா லோச்சும், போட்டியா ஸ்ட்ரையாட்டா, அதே பட்டியலில் அதே நிலையில்தான் இருக்கிறது. எந்த மீன் எந்த ஆற்றிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்று கணக்குப் பார்க்க, முதலில் அது எந்த மீன் என்று தெரிய வேண்டும்.

## ஊர் தெரியாவிட்டால்

அடையாளத்தில் பாதி ஊர் என்றேன். கடை மீனில் அந்தப் பாதிதான் தொலைந்துபோகிறது. பிடித்தவர், சேகரித்தவர், ஏற்றுமதி செய்தவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று கைமாறி வரும்போது ஆற்றின் பெயர் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. எந்த நாட்டிலிருந்து வந்த சரக்கு என்றாவது கடையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல் பாதி இனங்களை விலக்கிவிடும்.

ஊர் தெரிந்தாலும் பெயர் முடிந்த கதை ஆகிவிடாது. இலங்கையின் ஷிஸ்டூரா நோட்டோஸ்டிக்மாவுக்கு 1863-இல் பெயர் வைத்தார்கள். அதன் பிறகு தீவின் ஷிஸ்டூராக்கள் எல்லாம் அந்த ஒரே பெயரில்தான் அறியப்பட்டன. சூரியகந்தைப் பகுதி மீன்களை மூலப்பத்திரத்தோடு வைத்துக் கவனமாக ஒப்பிட்டபோது அவை வேறு என்று தெரிந்து, 2017-இல் ஷிஸ்டூரா மாதவாய் என்ற புது இனம் பிறந்தது. மீன் அங்கேயே ஓடையில் இருந்தது, பார்க்கும் கண்தான் தாமதமாக வந்தது.

எல்லாம் பார்த்த பிறகும் தெரியவில்லை என்றால்? அதற்கும் முறை உண்டு. பேரினம் வரை உறுதி, இனம் தெரியவில்லை என்றால் பேரினப் பெயருக்குப் பின் 'எஸ்.பி.' என்று எழுதுவார்கள். ஓர் இனத்தை நெருக்கமாக ஒத்திருக்கிறது, உறுதி செய்ய வேண்டும் என்றால் நடுவில் 'சி.எஃப்.' என்று போடுவார்கள். அறிவியல் கட்டுரைகளிலேயே இவை தாராளமாக வரும். இப்படி எழுதுவது அறியாமை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது எவ்வளவு தெரியும் என்பதை அளந்து சொல்வதாகத்தான் படுகிறது. தப்பான முழுப்பெயரைவிட சரியான அரைப்பெயர் மீனுக்கு நல்லது.

## என் ஆறு மீன்கள்

வாங்கிய அன்று எடுத்த படங்களில் ஐந்து மீன்களுக்குக் கோடுகள் முறியாமல் நெடுக ஓடுகின்றன. எட்டு மாதம் கழித்து எடுத்த படங்களில் அதே ஐந்துக்கும் குறுக்குப்பட்டைகள் மங்கலாக எழும்பியிருக்கின்றன. இப்போது ஆறு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டன. அந்த ஐந்துக்கும் தொட்டியோரச் சீட்டில் 'அம்பஸ்டையா நிக்ரோலினியாட்டா' என்று எழுதி, கீழே வாங்கிய தேதியைப் போட்டேன்.

ஆறாவது மீனுக்கு முதல் நாள் படத்திலேயே பட்டைகள் இருக்கின்றன. ஆனால் அது பையிலிருந்து இறக்கிய சற்று நேரத்தில் எடுத்த படம், மீன் வெளிறியிருக்கிறது, வால் பக்கம் குவியமும் சரியில்லை. மற்றவற்றைவிடச் சிறியதாகவே இருக்கிறது. ஒரே சரக்கில் இரண்டு இனமும் கலந்து வந்திருக்கலாம், அல்லது இது கொஞ்சம் முந்திக்கொண்ட நிக்ரோலினியாட்டாவாக இருக்கலாம். அதற்குத் தனியாக ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'அம்பஸ்டையா எஸ்.பி.' மாதம் ஒரு படம் எடுத்துக்கொண்டு வருகிறேன்.